38-ஐ விட்டு 34-க்கு வந்து 14 மாதம்

போன வாரம் என் பிராவின் கொக்கிப் பட்டை பிய்ந்து தையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே தேவகோட்டையிலிருந்து மதினி போன். "நீ ஏதோ டேப் வச்சு அளந்து பிரா வாங்கினியே, என்ன சைஸ்னு சொல்லு, நானும் வாங்குறேன்." என் சைஸை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

ஆனால் நானும் அப்படித்தான் இருந்தேன். 20 வருஷமாக 38 பி. யாரும் அளந்து சொன்னதில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது, காரைக்குடியில் ஒரு கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஒரு டப்பாவை எடுத்துப் போட்டார். அம்மா "சரி, கட்டுங்க" என்றார். இரண்டு பிள்ளை பெற்று உடம்பு ஏறி இறங்கியும் அந்த எண் மட்டும் அசையவில்லை. முதுகுப் பட்டை கழுத்தை நோக்கி ஏறும். தோளில் சுண்டுவிரல் அளவு பள்ளம். தோள்வாரை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று நினைத்தேன். இறுக்க இறுக்கப் பின்பக்கம் இன்னும் மேலே போனது.

டேப்பில் மார்புக்குக் கீழே சுற்றி 34 அங்குலம், மார்பின் எடுப்பான இடத்தில் 38. வித்தியாசம் 4. அதை வைத்துத்தான் கப்பின் எழுத்து: ஓர் அங்குலம் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. ஆக நான் 34 டி. டி என்றதும் எனக்கே கூச்சமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, 38 பி, 36 சி, 34 டி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றேதான். இத்தனை வருஷம் கப்பில் குறையே இல்லை. சுற்றுப்பட்டைதான் நான்கு அங்குலம் தொளதொளவென்று கிடந்திருக்கிறது. பாரத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டை. அது வேலை செய்யாததால் தோள் சுமந்தது.

உள்ளூர்க் கடையில் கேட்டால், "34-ல பி வரைக்கும்தான் இருக்குக்கா." போட்டுப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. ஆன்லைனில் ஒரே மாடலில் மூன்று வாங்கினேன்.

முதல் நாள் மூச்சு முட்டுமோ என்று பயம். கப்பை முதுகுப்பக்கம் திருப்பி, வெறும் பட்டையை மட்டும் மாட்டிப் பார்த்தேன்: இரண்டு விரல் நுழைந்தது, போதும். புதிதில் கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது ஆகத் தளர்வானதில் மாட்ட வேண்டும். குனிந்து, பக்கச் சதையைக் கையால் உள்ளே எடுத்துவிட வேண்டும். கையைத் தூக்கினால் அடிப்பட்டை கூடவே ஏறக் கூடாது. ஏறவில்லை! அந்தத் திங்கட்கிழமை சந்தையில் இரண்டு பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன். வழியில் ஒரு தடவைகூட ஜாக்கெட்டுக்குள் விரல் விட்டு வாரை இழுக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய சுகம்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். எட்டாவது மாதமே ஆக இறுக்கமான வரிசைக் கொக்கிக்கு வந்தாகிவிட்டது. அதற்கப்புறம் போக இடமில்லை. பத்தாவது மாதம் பட்டை பழையபடி மேலே ஏறத் தொடங்கியது. என் பங்கும் இருக்கிறது, மறைக்கவில்லை: அவசரத்துக்கு நாலைந்து தடவை மெஷினில் போட்டேன். முற்றத்துக் கொடியில் ஆள் பார்க்கக் கூடாதென்று துண்டுக்கடியில் காயப்போட்டு, ஈரம் போகாமல் பிறகு மாடி வெயிலில் வாட்டினேன். வெயிலும் சூடும் எலாஸ்டிக்குக்கு ஆகாது. (கண்டாங்கியை ரவிக்கையே இல்லாமல் கட்டிய என் அப்பத்தாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.) சரி, அது என் தப்பு. ஆனால் திரும்ப அதையே வாங்கலாம் என்று தேடினால் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். அதே கம்பெனியின் வேறு மாடலில் 34 டி வாங்கினால், பட்டை விலா எலும்பை நெரிக்கிறது, கப் ஓரம் வாய் பிளக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே எண், ஒரே உடம்பு!

நட்சத்திரம் போடச் சொன்னால் இரண்டு. உடம்புக்கு ஏற்ற அளவு என்றால் என்னவென்று 42 வயதில் காட்டிக்கொடுத்ததற்கு ஐந்து போடலாம்தான், ஆனால் இன்றைக்கு மனசு வரவில்லை.

மதினியிடம் டேப்பை எடுக்கச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டி ஒயரால் சுற்றி அளந்துவிட்டு, "அது ரெண்டு முழம் வருதே" என்றார். ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன். தையல்கார அக்கா இன்னும் கொக்கிப் பட்டையைத் தரவில்லை. நேற்று பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய 38 பி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மத்தியானத்துக்குள் அது கழுத்துக்கு வந்துவிட்டது.