கருங்காலி மரம் பார்க்கப் போய்

மொரீஷியஸில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு "கல்விச் சுற்றுலா" போகலாம் என்று நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நடந்தது போன ஆகஸ்டில். வெட்கத்தில் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. முந்தாநாள் ஒரு தோழி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "இவங்க எப்படிடீ, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். பார்த்தால் எங்களை ஏமாற்றிய அதே ஆள். பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

நான் மதுரைக்காரி. வீட்டுக்காரருக்கு எபேனில் வேலை. காத்ர் போர்னில் குடியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் எங்களை மாதிரி வேலைக்கு வந்தவர்களுடையது, மீதி இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களுடையது. ஆகஸ்ட் லீவில் இவர்களை எங்காவது கூட்டிப்போகலாம் என்று பேச்சு வந்தபோது நான்தான் ஈல் ஓ எக்ரெட் தீவைச் சொன்னேன். மாயெபூர்ப் பக்கம், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத குட்டித் தீவு. மொத்தமே 26 ஹெக்டேர். 1965லிருந்து காப்பகம். மொரீஷியஸ் கடலோரக் காடு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அது. டச்சுக்காரர்கள் வெட்டிக் கப்பலேற்றிய கருங்காலி அங்கே இன்னும் நிற்கிறது. 1990 வாக்கில் காட்டில் பத்து பன்னிரண்டு என்கிற அளவுக்குத் தேய்ந்து, பிறகு வளர்த்து விடப்பட்ட இளஞ்சிவப்புப் புறா அங்கே கிளைக்குக் கிளை தாவும். பாடத்தில் "கருங்காலி" என்ற சொல் வந்தபோது, "அது எப்படி இருக்கும் டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தாள். அதுதான் ஆரம்பம்.

அந்த ஆளை ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் பிடித்தோம். "அக்கா, நானும் நம்ம பக்கம்தான். நம்ம பிள்ளைங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்" என்றான். இரண்டு நாள் பயணம், தலைக்கு 6,500 மொரீஷியஸ் ரூபாய். முதல் நாள் தீவு, பிறகு ப்ளூ பேயில் கண்ணாடிப் படகில் பவளப்பாறை. இரண்டாம் நாள் அலையாத்திக் கன்று நடுதல், மீனவர் குடும்பத்தில் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அந்த 6,500இல் 600 ரூபாய் மீனவப் பெண்களின் நிதிக்குப் போகும் என்று தனி வரியாகவே போட்டிருந்தான். அந்த வரியைப் பார்த்துதான் நான் மயங்கினேன். பிள்ளைகள் 14 பேர், பெரியவர்கள் 9 பேர். மொத்தம் 1,49,500 ரூபாய். ஜூஸில் (இந்த ஊர் ஜிபே) அனுப்பச் சொன்னான். கணக்கு நிறுவனப் பெயரில் இல்லை, ஒரு பெண்மணியின் பெயரில் இருந்தது. "என் வீட்டம்மாதான் அக்கா கணக்கு பார்க்குறாங்க." சரியென்று அனுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் அப்போதே ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

எங்களோடு மாயெபூரில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியும் வந்தார். என் மாணவி ஒருத்தியின் அப்பாயி. தமிழ் தட்டுத்தடுமாறி வரும், இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் கொட்டும். அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்றுவரை நாங்கள் ஏமாந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

முதல் நாள் படகு ஏறினோம். ஆகஸ்டில் அந்தப் பக்கம் தென்கிழக்குக் காற்று பேய்க் காற்று, சின்னதுகள் இரண்டு வாந்தி எடுத்தன. தீவைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தார்கள். "இப்ப புறா முட்டை வைக்கிற சீசன், இறங்க அனுமதி இல்ல. இங்கேருந்தே பார்த்துக்கலாம்" என்றான் கூட வந்த கைடு பையன். எல்லோரும் தலையாட்டினோம். புறாவைத் தொந்தரவு செய்யலாமா, பாவமில்லையா! அந்த நேரம் பார்த்து இன்னொரு படகு வந்து அணைந்தது. தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக இறங்கி உள்ளே நடந்தார்கள். என் மகன் சத்தமாகவே கேட்டான்: "அம்மா, அவங்க இறங்கினா மட்டும் முட்டை உடையாதா?"

கைடு பேச்சை மாற்றி எண்ணெய்க் கசிவுக்குத் தாவினான். "2018இல் ஒரு சீனக் கப்பல் மூழ்கி..." என்று ஆரம்பித்ததும் பாட்டிக்கு வந்ததே கோபம். 2020 ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ என்ற ஜப்பான்காரர் கப்பல் புவான்த் தெஸ்னிக்கு எதிரே பாறைத்திட்டில் ஏறி நின்றது. பன்னிரண்டு நாள் ஊரே கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி எண்ணெய் கசிய ஆரம்பித்து, ஏறத்தாழ ஆயிரம் டன் கடலில் கலந்தது. பாட்டி தன் வீட்டுப் பழைய துணியில் கரும்புத் தோகையை அடைத்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவை செய்தவர். ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து செய்த வேலை அது. "ஒரு வாரம் கை கறுப்பு போகல. நீ எனக்குச் சொல்றியா?" என்று கிரியோலில் அவர் போட்ட போட்டில் பையன் கரை சேரும்வரை வாயே திறக்கவில்லை. பாட்டி இரண்டு நிமிடத்தில் சொன்னதுதான் அந்த இரண்டு நாளில் பிள்ளைகள் படித்த ஒரே பாடம்.

ப்ளூ பே கடல் பூங்கா, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பட்டியலில் இருக்கும் இடம். அங்கே போய் இவர்கள் மீனுக்குப் பிரெட் போட்டார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள்தான் உச்சம். அலையாத்தி என்றால் பிச்சாவரம் போனவர்களுக்குத் தெரியும்: அலை அடிக்காத, சேறு படிந்த ஒதுக்குப்புறம் வேண்டும். எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது அலை மோதும் வெள்ளை மணலில். சுரபுன்னைக் காய்கள், முருங்கைக்காய் மாதிரி நீளமாக, ஒரு பக்கெட்டில் இருந்தன. ஆளுக்கு ஒன்று கொடுத்துக் குத்தச் சொன்னார்கள். இரண்டு மூன்று பிள்ளைகள் தலைகீழாகவே குத்தினார்கள், யாரும் திருத்தவில்லை. பக்கத்தில் பெயர் எழுதி நட ஆளுக்கொரு ஐஸ் குச்சி. என் மகன் குச்சியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். பின்பக்கம் மணல்தாள் வைத்துத் தேய்த்திருந்தார்கள், ஆனாலும் நீல மையில் எழுதியிருந்த பெயர் தெரிந்தது: க்ளோயே. கீழே ஒரு பூ வேறு வரைந்திருந்தாள் அந்தப் பிள்ளை. கையிலிருந்த காயைப் பார்த்தேன். அடிப்பாகத்தில் ஏற்கெனவே இரண்டு சின்ன வேர்கள் விட்டு, நுனி காய்ந்து முறிந்திருந்தது.

சற்றுத் தள்ளி வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் பாட்டி நடந்துபோய்ப் பேசினார். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. நாங்கள் பஸ் ஏறியதும் ஒரு பையன் வந்து எல்லாவற்றையும் பிடுங்கி அதே பக்கெட்டில் போடுவானாம். பிடுங்க மறந்தால் ராத்திரி அலை கொண்டுபோய்விடுமாம். வாரம் இரண்டு குழு வருகிறதாம். நிதி? அப்படி ஒன்றை அந்த வலைக்காரர் காதால் கேட்டதே இல்லை. மதியம் "மீனவர் குடும்பம்" என்று கூட்டிப்போனது பூட்டிய வீட்டு வராந்தா ஒன்றுக்கு. ஏழு கறி எங்கே என்றால், ஆறிப்போன வறுத்த நூடுல்ஸ், அதுவும் தெர்மோகோல் டப்பாவில். 2021 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் தடை செய்த டப்பா. சுற்றுச்சூழல் பயணமாம்!

அன்று சாயங்காலமே புவான்த் ஜெரோமில், தீவுக்குப் படகு புறப்படும் இடத்தில் போய் விசாரித்தேன். எங்கள் குழுவின் பெயரில் பதிவே இல்லை. முட்டை சீசனும் இல்லை, ஒரு சீசனும் இல்லை. தீவைப் பராமரிக்கும் மொரீஷியன் வைல்டுலைஃப் ஃபவுண்டேஷனிடம் முன்கூட்டியே பதிவு செய்தால் அவர்களுடைய வழிகாட்டியே கூட வந்து காட்டுவார். அந்த ஆளுக்கு அது செலவு, அவ்வளவுதான்.

போன் பண்ணினேன். முதலில் "அக்கா", பிறகு "மேடம்", பிறகு போனையே எடுக்கவில்லை. மாசக் கணக்கில் விரட்டி 20,000 ரூபாய் திரும்ப வந்தது. சுற்றுலா அதிகாரசபையில் புகார் கொடுக்கப் போனபோது, சுற்றுலா நடத்துபவரின் உரிம எண்ணையும் படகின் பதிவு எண்ணையும் கேட்டார்கள். திருதிருவென்று விழித்தேன். வாடகைப் படகுக்கு உரிமம் கட்டாயம். எண் படகின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இரண்டு நாளில் நான் எடுத்த இருநூறு போட்டோவில், ஒரே ஒன்றில், வாந்தி எடுக்கும் பிள்ளையின் தலைக்குப் பின்னால் பாதி எண் தெரிந்தது. அதைத்தான் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஏறும்போதே எடுத்துவிடுங்கள். கணக்குப் பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்றும், தீவில் இறங்குவதற்கான பதிவை அனுப்பச் சொல்லியும், பணம் கட்டும் முன் கேளுங்கள். "நம்ம ஆளு" என்று கேட்காமல் விட்டேன் பாருங்கள், அங்கேதான் விழுந்தேன்.

நவம்பரில் பதினொரு பேர் சேர்ந்து நாங்களே பதிவு செய்து போனோம். பாட்டிக்கு முதல் இடம். கருங்காலி நான் நினைத்தது போலப் பிரம்மாண்டமாக இல்லை. ஒல்லியாக, சாம்பல் பட்டையோடு, சாதாரணமாக நின்றது. கறுப்பெல்லாம் உள்ளேதான். அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிய மொரீஷியஸ் ஆமைகள் என்றைக்கோ அழிந்துவிட்டன. அந்த வேலைக்கு அல்டாப்ராவிலிருந்து வந்த ராட்சத ஆமைகளை விட்டிருக்கிறார்கள். அவை சாணி போடுகிற இடத்திலெல்லாம் கருங்காலி முளைக்கிறது. பிள்ளைகள் ஆமைச் சாணியை அரை மணி நேரம் குனிந்து பார்த்தார்கள். "டீச்சர், போன தடவை நம்மளக் கூட்டிட்டுப் போன அங்கிளும் கருங்காலிதானே?" என்று கேட்டாள், முதலில் கருங்காலி எப்படி இருக்கும் என்று கேட்ட அதே பிள்ளை. சொல்லின் இரண்டாவது அர்த்தத்தை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை.

இப்போது முந்தாநாள் வந்த விளம்பரம். "ரோட்ரிக்ஸ் தீவு: சூழலியல் முகாம். ஆமைகளுடன் ஒரு நாள். மீனவப் பெண்களோடு சேர்ந்து பிள்ளைகள் ஆக்டோபஸ் பிடிக்கலாம். இடங்கள் குறைவு. செப்டம்பர் முதல் வாரம்." மொரீஷியஸைச் சேர்ந்த இந்த ரோட்ரிக்ஸ் தீவில் 2012இல் தொடங்கி ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஆக்டோபஸ் பிடிக்கத் தடை வைத்து வருகிறார்கள். குஞ்சுகள் பெருகட்டும் என்று அந்த மீனவர்களே குத்துக்கம்பியை மூலையில் சாத்தி வைக்கிற மாதம் செப்டம்பர். தலைக்கு 24,000 ரூபாய் கேட்கிறான். அதில் மீனவப் பெண்கள் நிதிக்கு 2,000 என்று இந்தத் தடவையும் தனி வரி இருக்கிறது.