கிராண்ட் பேங்க்ஸ் 42-ஆ, ஐபிஎஸ் படகா? பழைய மோட்டார் யாட் வாங்குகிறவருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

இரண்டுமே நாற்பதடியைத் தாண்டியவை. ஒன்று 1980-களில் வார்த்த கிராண்ட் பேங்க்ஸ் 42. மற்றது 2005-க்குப் பின் வந்த, வோல்வோ பென்டா நிறுவனத்தின் ஐபிஎஸ் (படகின் அடியில் தொங்கும் ‘பாட்’ எனும் உந்துகருவி) பூட்டிய வேகப் படகு. அமெரிக்காவில் பழைய மோட்டார் யாட் தேடுகிறவர் கடைசியில் இந்த இரண்டு ரகங்களுக்கு நடுவில்தான் தடுமாறுவார். முதலாவதற்கு வயது நாற்பதைத் தொட்டாயிற்று. இரண்டாவது பளபளவென்று, ஜாய்ஸ்டிக்கோடு நிற்கிறது. வயதை வைத்தே முடிவெடுக்கத் தோன்றும். நானோ வயதைவிட, கோளாறு கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

கிராண்ட் பேங்க்ஸ் வரிசையை 1960-களில் ஹாங்காங்கில் தொடங்கியது அமெரிக்கன் மரீன் நிறுவனம். பிறகு பட்டறை சிங்கப்பூருக்கும், அங்கிருந்து மலேசியாவில் ஜொகூரின் பாசிர் கூடாங்கிற்கும் போனது. 1973-ல் மரத்தை விட்டு ஃபைபருக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய மரப்படகு மலிவாகக் கிடைக்கும். ஆனால் பலகையைப் பிடித்திருக்கும் திருகாணிகளில் சிலவற்றைக் கழற்றிப் பார்க்காமல் எந்தச் சர்வேயும் (வாங்கும்முன் நிபுணர் செய்யும் சோதனை) முழுமையாகாது, காப்பீட்டுக்காரர்களும் முகம் சுளிப்பார்கள். தச்சுவேலை தெரிந்தவர் அதை வாங்கட்டும். நாம் ஃபைபர் படகைப் பார்ப்போம்.

ஓட்டமும் எரிபொருளும்

கிராண்ட் பேங்க்ஸ் 42 பெரும்பாலும் நீரைப் பிளந்துகொண்டு நிதானமாகப் போகிற படகு. நீர்க்கோட்டு நீளம் சுமார் 40 அடி. அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் எட்டரை நாட் (மணிக்கு எட்டரை கடல் மைல்) வருகிறது; இந்த மாதிரிப் படகுக்கு அதுதான் வேக எல்லை. அதற்கு மேல் தள்ளினால் டீசல்தான் கரையும். உள்ளே இரண்டு ஃபோர்டு லேமன் 120: ஆறு சிலிண்டர், 6.2 லிட்டர், டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஏழெட்டு நாட்டில் இரண்டும் சேர்ந்து மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும்.

ஐபிஎஸ் படகு நீர்மேல் எழும்பிப் பாய்வது. 25 நாட்டில் இரண்டு இன்ஜினும் சேர்ந்து மணிக்கு 100 லிட்டரைச் சுலபமாகத் தாண்டும். ஆனால் நியாயமாகச் சொன்னால், வழக்கமான ஷாஃப்ட் (ப்ரொப்பல்லரைச் சுழற்றும் நீண்ட தண்டு) வைத்த அதே அளவுப் படகு இதே வேகத்துக்கு இன்னும் அதிகம் குடிக்கும். ஐபிஎஸ்ஸில் ஜோடி ப்ரொப்பல்லர்கள் முன்பக்கம் பார்த்தபடி, கலங்காத தண்ணீரில் சுழன்று படகை இழுக்கின்றன. லாபம் அங்கிருந்துதான் வருகிறது. குறுகலான துறையில் ஜாய்ஸ்டிக்கால் பக்கவாட்டில் நகர்த்தி அணைவதும் பெரிய வசதிதான், மறுக்க மாட்டேன்.

சர்வேயர் எதைப் பார்க்க முடியும்?

கிராண்ட் பேங்க்ஸின் நோய்கள் ஊரறிந்தவை. முதலாவது தேக்குத் தளம். அழகாக இருக்கும், புகைப்படத்தில் விலையையும் ஏற்றும். ஆனால் அந்தத் தேக்குப் பலகைகளை ஃபைபர் தளத்தின்மேல் ஆயிரக்கணக்கான திருகாணிகளால் இறுக்கியிருக்கிறார்கள். இடுக்கில் அடைத்த ரப்பர் காலப்போக்கில் விட்டுப்போனால் ஒவ்வொரு திருகாணியும் மழைநீர் இறங்க ஒரு துளை. நீர் தளத்தின் நடு அடுக்குக்குள் போய்த் தேங்கும். சர்வேயர் சின்னஞ்சிறு சுத்தியலால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும். ஊறிய இடம் ‘தப்’ என்று மந்தமாக. தேங்காயைத் தட்டி வாங்கிப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஈரமானியும் வைத்திருப்பார், அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பின்னால் உலோகம் இருந்தாலும் முள் ஏறும். கரையேற்றிய உடனே அடிப்பாகத்தில் வைத்தாலும் ஏறும்.

இரண்டாவது டீசல் தொட்டிகள். பல படகுகளில் அவை இரும்பு. இன்ஜின்களுக்கு வெளிப்புறம் இரு பக்கமும் நிற்கும். தளத்தில் டீசல் ஊற்றும் வாயைச் சுற்றிக் கசிகிற நீர் தொட்டியின் தலையில் தேங்கி, மேலிருந்து அரிக்கும். மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினைத் தூக்க வேண்டும், அல்லது தொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். விற்கிறவரிடம் நான் கேட்கிற முதல் காகிதம் தொட்டி மாற்றிய ரசீது.

மூன்றாவது, ஜன்னல் சட்டங்களைச் சுற்றிய கசிவு. உட்புறப் பலகையில் கறை படிந்திருந்தால் அதுவே சொல்லிவிடும்.

இவை எல்லாமே சுத்தியல், டார்ச், கண்ணாடி, ஒல்லியான கேமரா ஆகியவற்றில் அகப்படுகிற கோளாறுகள். செலவு பெரிதாக இருக்கலாம், ஆனால் வாங்கும்முன் தெரிந்துவிடும், பேரத்தில் கழித்துக்கொள்ளலாம்.

ஐபிஎஸ் படகிலும் ஃபைபர் உடம்பைத் தட்டிப் பார்க்கலாம், அதில் வேறுபாடில்லை. சிக்கல் அடிப்பாகத்தைத் துளைத்துக் கீழே தொங்கும் பாடில். கரையேற்றினால் ப்ரொப்பல்லர் முனைகள், அரிப்பைத் தடுக்கும் தியாக உலோகக் கட்டி, சீல் ஓரம் ஆகியவை தெரியும். பாடின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. பாடுக்கு உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைப் பார்க்க வழியில்லை. படகு எதிலாவது பலமாக மோதினால் அடிப்பாகம் கிழியாமல் பாட் மட்டும் உடைந்து விழும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், புதுப் பாடின் விலையைக் கேட்கும்வரை. மின்னணுக் கட்டுப்பாட்டில் பதிவான பிழைகளைப் படிக்க நிறுவனத்தின் சொந்தக் கருவியான வோடியா வேண்டும். படகின் உடம்பைச் சோதிக்கும் சாதாரண சர்வேயரிடம் அது இருக்காது. ஆக இந்தப் படகுக்கு இரண்டு நிபுணர்கள், கூடவே முழுமையான பராமரிப்புப் பதிவேடு. பதிவேடு இல்லையென்றால் நான் பேச்சையே தொடர மாட்டேன்.

கடல் ஓட்டம்

எந்தப் படகானாலும் நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது விடுகிற புகை நிறையக் கதை சொல்லும். பிறகு முழு த்ராட்டிலில் உரிய சுழற்சியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். லேமனுக்கு அது நிமிடத்துக்கு 2,500. தொடாவிட்டால் அடிப்பாகத்தில் பாசி, பொருந்தாத ப்ரொப்பல்லர், களைத்த இன்ஜின் மூன்றில் ஒன்று. டர்போ வைத்த வேக இன்ஜினுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம்: டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும், உப்புநீர் ஓடும் ஆஃப்டர்கூலரைப் பல உரிமையாளர்கள் கழற்றிச் சுத்தம் செய்வதே இல்லை, அந்த அலட்சியம் முழுச் சுமையில்தான் வெளிவரும். எண்ணெய் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவதும் நல்லது. ஆனால் போன வாரம்தான் எண்ணெய் மாற்றினோம் என்று விற்பவர் சொன்னால் அந்த அறிக்கையால் ஒரு பயனும் இல்லை.

அமெரிக்க வழக்கப்படி பத்து சதவீத முன்பணத்தோடு, சர்வேயும் கடல் ஓட்டமும் திருப்தியானால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையில் ஒப்பந்தம் போடுவார்கள். சர்வேயருக்கும் கரையேற்றவும் ஆகும் செலவு வாங்குகிறவருடையது. சர்வேயரை நீங்களே ஸாம்ஸ் (SAMS) அல்லது நாம்ஸ் (NAMS) என்ற படகுச் சர்வேயர் சங்கங்களின் பட்டியலில் தேடுங்கள்; தரகர் நீட்டுகிற பெயரை நன்றி சொல்லி ஒதுக்கிவிடலாம்.

வார இறுதியில் மட்டும் கடலுக்குப் போகிறவர், பக்கத்திலேயே வோல்வோ பென்டா பணிமனை உள்ளவர், பதிவேடு ஒழுங்காக உள்ள ஐபிஎஸ் படகைத் தாராளமாக எடுக்கலாம். வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போக நினைப்பவருக்குத் தொட்டி மாற்றிய, தேக்குத் தளத்தை ஏற்கெனவே யாரோ பிய்த்தெறிந்துவிட்டு வெறும் ஃபைபராக்கிய கிராண்ட் பேங்க்ஸ் 42. பார்க்க அழகு குறைவு, விலையும் அதனால் குறைவு. அந்த மாதிரிப் படகு கண்ணில் பட்டால் அன்றைக்கே சர்வேயரைக் கூப்பிடுவேன்.