தோர்ப், ஹாலஸ்: களத்தில் ஒருவர், பயிற்சியில் ஒருவர்

பல விளையாட்டுகளில் மிளிர்ந்தவர்களில் அமெரிக்க வீரர் ஜிம் தோர்ப்பை விஞ்ச ஆளில்லை என்பேன். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம். பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பேஸ்பால். கூடவே அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அவரைப் போலவே கால்பந்தும் ஆடிய ஜார்ஜ் ஹாலஸோ 1919இல் நியூயார்க் யாங்கீஸுக்காக 12 பேஸ்பால் ஆட்டங்கள் மட்டுமே ஆடியவர்.

1923இல் சிகாகோவில் இருவரும் கால்பந்தில் மோதினார்கள். தோர்ப்பின் கையிலிருந்து நழுவிய பந்தை அள்ளிக்கொண்டு ஹாலஸ் 98 கெஜம் ஓடினார். பின்னாலேயே துரத்தினார் தோர்ப். நழுவிய பந்தோடு ஓடிய தூரத்தில் அது சாதனை; 1972 வரை நின்றது.

பயிற்சியாளர் என்று பார்த்தால் தட்டு ஹாலஸ் பக்கமே சாய்கிறது. சிகாகோ பேர்ஸ் கால்பந்து அணியுடன் 40 சீசன்கள், ஆறு பட்டங்கள். 1940 இறுதியாட்டத்தில் அவரது அணி வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கியது.

தோர்ப் வழிநடத்திய ஊராங் இந்தியன்ஸ் கால்பந்து அணி இரண்டே சீசன்களில் கலைந்தது. அதை வைத்து அவரை மட்டம்தட்டுவது அநியாயம். அந்த அணியின் உரிமையாளர் நாய் வளர்த்து விற்றவர்; நாய்களுக்கு விளம்பரம் தேடியே அணியைத் தொடங்கினார். இடைவேளையில் ஓய்வெடுக்க வேண்டிய வீரர்கள் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டினார்கள். ஹாலஸோ தன் அணிக்குத் தானே உரிமையாளர். அந்தச் சுதந்திரம் தோர்ப்புக்குக் கிடைக்கவேயில்லை.