ரைடிங் பேன்டுக்குள் எதை அணிவது: பருத்தி, பாலியெஸ்டர், மெரினோ, சைக்கிள் ஷார்ட்ஸ் – ஓர் ஒப்பீட்டு அலசல்

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அணியும் ரைடிங் பேன்ட் வாங்கும்போது வெளித்துணி, முழங்கால் கவசம், நீர்புகா அடுக்கு ஆகியவற்றைப் பற்றிப் பல நாள் விசாரிப்பவர்கள்கூட, அதற்குள் அணிய அலமாரியில் முதலில் கைக்கு அகப்படுவதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் தொடர்ந்து சில மணி நேரம் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுபவருக்குத் தொல்லை பெரும்பாலும் உள்ளிருந்துதான் தொடங்குகிறது. தொடை இடுக்கில் ஏற்படும் உரசல், உட்காரும் இடத்தில் அழுந்தும் தையல், வியர்த்த முழங்காலில் ஒட்டிக்கொள்ளும் லைனிங் ஆகிய எல்லாமே தோலுக்கும் பேன்டுக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய அடுக்கைச் சார்ந்தவை.

பெரும்பாலோர் அன்றாடம் அணியும் பருத்தி உள்ளாடையிலிருந்து தொடங்குவோம். வீட்டிலும் அலுவலகத்திலும் பருத்தியை விடச் சுகமான துணி இல்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இருக்கையில் உட்கார்ந்ததும் கணக்கு மாறுகிறது. சாதாரணக் காற்றின் ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. பருத்தி உறிஞ்சிய வியர்வை வெளியேற வேண்டுமானால் அதற்குக் காற்று பட வேண்டும். தொடையின் அடிப்பகுதியும் பிட்டமும் இருக்கையோடு அழுந்தியிருப்பதால் அங்கே காற்றுக்கு வழியே இல்லை. துணி நனைந்தபடியே இருக்கிறது, தோல் ஊறுகிறது. ஊறிய தோலில் உராய்வு கூடுதல் என்பதால், காலையில் உணரவே முடியாத ஒரு தையல் பிற்பகலில் கத்தி விளிம்பாகிவிடுகிறது. வியர்க்குருவும் தொடை இடுக்குப் படையும் விரும்பித் தங்கும் இடமும் இந்த ஈரம்தான். ஆகவே அரை மணி நேரப் பயணத்திற்குப் பருத்தி போதும். நாள் முழுதும் ஓட்டப் போகிறவருக்கு அது ஏற்றதன்று.

இந்த இடத்தில் துணியைவிடத் தையலையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். உள்ளாடையை உட்புறம் வெளியாகத் திருப்பி, கவட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மலிவான ஆடைகளில் நான்கு தையல்கள் அந்த ஒரே புள்ளியில் வந்து கூடி, சிறு முடிச்சைப்போல் திரண்டிருக்கும். உடலின் எடை நேராக இறங்குவது அதற்கு மிக அருகில்தான். நல்ல ஆடைகளில் அங்கே வைர வடிவில் தனித்துண்டு ஒன்றை வைத்துத் தைத்து, தையல்களை முன்னும் பின்னும் ஒதுக்கியிருப்பார்கள். தையலும் பிளாட்லாக் எனப்படும் தட்டையான வகையாக இருக்கும். குட்டையான ஜட்டியின் எலாஸ்டிக் விளிம்பு தொடை மடிப்பிலேயே விழுவதால் அது தானாகவே தள்ளுபடியாகிறது. தளர்ந்த பாக்ஸரோ உட்கார்ந்து எழும்போதெல்லாம் மேலே சுருண்டு ஒரு கட்டாகத் திரள்கிறது. தொடையின் பாதிவரை இறங்கி, உடலோடு ஒட்டியிருக்கும் பாக்ஸர் பிரீஃப் வகைதான் இந்த மூன்றில் தேறுகிறது. பெண்களுக்கான டைட்ஸில் உடல் துணி செயற்கையாக இருந்தாலும் கவட்டுப் பகுதியில் மட்டும் பருத்தித் துண்டு வைத்துத் தைத்தவை கிடைக்கின்றன. அந்த இடத்தில் அதுவே பொருத்தமானது.

அடுத்தது பாலியெஸ்டர் அல்லது நைலானுடன், இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் இழை சிறிது கலந்து நெய்த, விளையாட்டு வீரர்கள் அணியும் டைட்ஸ். இந்த இழைகள் ஈரத்தைத் தமக்குள் அதிகம் ஏற்றுக்கொள்வதில்லை. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக வியர்வை பரவி, காற்று படும் பக்கம் சென்று ஆவியாகிறது. வழுவழுப்பாக இருப்பதால் லெதர் எனப்படும் தோல் பேன்டை இழுத்து அணிவதும் கழற்றுவதும் எளிதாகிறது. வியர்த்த வெறுங்காலோடு தோல் பேன்டைக் கழற்ற முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். விலை குறைவு, இரவில் அலசிப் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும், பல வருடம் உழைக்கும். குறை என்று பார்த்தால் நாற்றம் முதலிடம் பெறும். உடல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இழை என்பதால், ஒரே நாளில் வாடை ஏறிவிடுகிறது, துவைத்த பின்னும் முழுவதுமாகப் போவதில்லை.

இதைப் பற்றிய இன்னொரு அச்சம், விழுந்து சாலையில் வழுக்கும்போது உராய்வு வெப்பத்தில் இந்தத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பது. பாலியெஸ்டர் சுமார் 250 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகுவது உண்மை. ஆனால் உள்ளாடை சாலையைத் தொட வேண்டுமானால் அதற்கு முன் வெளிப்பேன்ட் கிழிந்திருக்க வேண்டும். அப்படிக் கிழியாமல் தாங்குவதற்குத்தான் ஐரோப்பியத் தரநிலை இஎன் 17092 பேன்டுகளை உறுதியின் இறங்குவரிசையில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகைப்படுத்துகிறது. மேலும் பல ரைடிங் பேன்டுகளின் வலை லைனிங்கே பாலியெஸ்டர்தான். உள்ளாடையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. உறுதியான பேன்டுக்குள் இந்த அச்சத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கணிப்பு. சில இடங்களில் மட்டும் அராமிட் (கெவ்லார் போன்ற உறுதியான இழை) அடுக்கு வைத்துத் தைத்த ரைடிங் ஜீன்ஸ் அணிபவர் மட்டும் உருகாத இழையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அப்படி உருகாத இழைகளில் ஒன்று, மெரினோ என்னும் செம்மறி ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி. கம்பளி என்றதும் குத்தும், அரிக்கும் என்ற எண்ணம் வருவது இயல்பே. தோலைக் குத்துவது சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தடித்த இழைகள். உள்ளாடைக்கான மெரினோவோ பெரும்பாலும் 17 முதல் 19 மைக்ரான் அளவிலானது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை ஏற்றுக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாது. நெருப்பு பட்டால் கருகுமே தவிர உருகாது. தொடர்ந்து சில நாள் அணிந்தாலும் நாற்றம் ஏறுவது மிகக் குறைவு என்பதுதான் நெடும்பயணிகள் இதன் விலையைப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம். சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள துணி மிதமான வெயிலுக்கும், 250 கிராம் குளிருக்கும் ஏற்றது. குறை அதன் மென்மையிலேயே இருக்கிறது: முழங்கால் கவசத்தின் விளிம்பு உரசும் இடத்திலும் உட்காரும் இடத்திலும் மெல்லிய மெரினோ விரைவில் நைந்து ஓட்டை விழுகிறது. நைலான் இழையைச் சுற்றி மெரினோவை முறுக்கிய கலப்புத் துணி இதைச் சற்றுத் தாமதப்படுத்தும். பட்டு உள்ளாடையும் உண்டு. மெல்லியது, வழுக்கும், குளிரையும் தாங்கும், ஆனால் உரசலில் நீண்ட நாள் நிற்காது.

பின்புறம் வலிக்கிறது என்பவர்கள் உடனே நாடுவது பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை. உள்ளே வேறெதுவும் அணியாமல் போட வேண்டிய ஆடை அது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் பேட், குறுகலான சீட்டில் முன்னோக்கிச் சாய்ந்து இடைவிடாமல் காலைச் சுழற்றுபவருக்காக வடிவமைக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் இடுப்பு ஏறக்குறைய நிமிர்ந்திருக்கிறது, இருக்கை அகலமானது, கால்கள் அசைவதே இல்லை. அதனால் எடை பேட்டின் தடித்த பகுதிக்கு வெளியே இறங்கி, அதன் விளிம்பே புதிய வலியாகிறது. நுரைப்பஞ்சு வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. குறுகலான, கடினமான இருக்கை கொண்ட ஆஃப்ரோடு வண்டிகளில் இது ஓரளவு உதவலாம். மற்றவர்கள் பேட் இல்லாத நீண்ட ஷார்ட்ஸை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை இருக்கையைச் சீர்செய்யச் செலவிடலாம். இருக்கையின் குறையை உள்ளாடையால் தீர்க்க முடியாது.

ஜீன்ஸின் மேலேயே ஓவர்பேன்ட் மாட்டிக்கொள்வோரும் உண்டு. வேலைக்குப் போய் வர அது வசதியான ஏற்பாடு. ஆனால் டெனிமின் உட்கால் தையல் பல மடிப்பாகத் தடித்தது. நாம் விழ நேர்ந்தால், பையிலுள்ள சாவி இடுப்புக்கும் சாலைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஜீன்ஸுக்கு மேல் அணிய வாங்கிய அளவை டைட்ஸுக்கு மேல் அணிந்தால் முழங்கால் கவசம் இடம் நகர்ந்துவிடும் என்பதால், எதற்கு மேல் அணியப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வெயில் காலத்தில் காற்றோட்டமான மெஷ் பேன்டுக்குள் ஷார்ட்ஸ் மட்டும் போதும் என்று தோன்றும். உண்மையில் மெல்லிய, முழு நீள டைட்ஸ்தான் அங்கே அதிகக் குளிர்ச்சி தருகிறது. வியர்வை சொட்டாக வழிந்து வீணாகாமல் துணி முழுதும் பரவி ஆவியாகிறது, கவசமும் வெறும் முழங்காலில் உரசுவதில்லை. காற்று உடலைவிடச் சூடாக வீசும் வறண்ட நாளில் மட்டும் பருத்தியின் குறையே நிறையாகும்: நனைத்து அணிந்த பருத்தி டைட்ஸ் பாலியெஸ்டரைவிட நீண்ட நேரம் ஈரத்தைக் காத்துக் காலைக் குளிர வைக்கும். நீர்புகா பேன்டுக்குள் இந்த உத்தி உதவாது. அங்கே ஆவி வெளியேறும் வேகம் குறைவு.

உயரமான பூட்ஸ் அணிபவருக்கு முக்கால் நீளமே நல்லது. முழு நீள டைட்ஸின் விளிம்பும் நீண்ட சாக்ஸின் விளிம்பும் பூட்ஸுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தால் கெண்டைக்காலில் ஒரு வளையமாக அழுத்தும்.

எந்த வகையை எடுத்தாலும் துணி மென்மையாக்கும் திரவத்தைத் தவிர்க்க வேண்டும். அது இழையின் மேல் படலமாகப் படிந்து, வியர்வை பரவும் திறனைக் குறைக்கிறது. வாங்கும்போது நின்றபடி பார்ப்பது போதாது. பேன்டையும் சேர்த்து அணிந்து, வண்டியில் உட்காரும் நிலையில் முழங்காலை மடக்கிச் சில நிமிடம் இருந்து பார்க்க வேண்டும். இடுப்புப் பட்டை பின்புறம் கீழிறங்கினாலோ முழங்காலின் பின்னால் துணி மடிந்து திரண்டாலோ அந்த அளவு ஒத்துவராது.