இன்டோர் ஷூட்டிங் ரேஞ்ச்: பலகையில் 25 டாலர், பில்லில் 120

டெக்சஸில் டல்லாஸைச் சுற்றி, பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் நண்பர்களோடு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க நினைக்கும் இடம் இன்டோர் ஷூட்டிங் ரேஞ்ச், அதாவது கூரைக்குள் துப்பாக்கி சுடும் கூடம். ஏசி போட்ட கூடம், வாடகைக்குத் துப்பாக்கி, கூடவே நின்று சொல்லிக்கொடுக்க ஆள். இங்கே எடைபோடுவது எந்தத் தனிக் கடையையும் அல்ல. அந்த வட்டாரத்தில் மணிக்கு இவ்வளவு என்று விற்கப்படும் லேன் (ஒருவர் நின்று சுடுவதற்கான தடுப்பிட்ட இடம்) சேவையைப் பொதுவாக எடுத்துக்கொண்டு, கட்டணம் நியாயமா, விதிகள் எதற்கு, எந்தத் தோட்டாவை ஏன் உள்ளே விடமாட்டார்கள் என்று பார்க்கலாம்.

முதல்முறை போகிறவர் .22 என்ற சிறு தோட்டா போடும் துப்பாக்கியோடு ஒரு மணி நேரம் சுட்டால் கொடுத்த காசுக்குத் தகும். எடுத்த எடுப்பில் .44 மேக்னம் மாதிரி பெரிய கைத்துப்பாக்கி வேண்டும், ஏஆர்-15 ரைஃபிள் வேண்டும் என்று நின்றால் தகாது. ஆனால் காசுக்கணக்கெல்லாம் பிறகுதான். முதலில் விசா.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, பி-2 போன்ற நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 922-ஆம் பிரிவின்படி குற்றம். சொந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். லேனில் நின்று வாடகைத் துப்பாக்கியைப் பிடிப்பதும், நண்பரின் துப்பாக்கியில் நாலு ரவுண்டு சுடுவதும் இதில் அடங்கும். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. அதோடு துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்கும் காரணமாகலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

விசாக்காரர்களுக்கும் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வசித்தவருக்கு வழக்கமான வேட்டை உரிமம் 25 டாலர். வேட்டைக்குப் போவதற்குத்தான் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும், உரிமம் வாங்க அது தேவையில்லை. பலர் தவறவிடுவது தேதியை. எந்த மாதம் வாங்கினாலும் அந்த உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடும். ஜூலையில் வாங்கியதை நம்பி செப்டம்பர் முதல் வாரம் லேனில் நின்றால் உரிமம் இல்லாதவர் கணக்கில்தான் வருவீர்கள். கவுன்டரில் சில இடங்களில் உரிமத்தைக் கேட்டு நகல் எடுப்பார்கள், சில இடங்களில் டிரைவிங் லைசென்ஸ் மட்டும் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதால் உங்கள் பொறுப்பு குறையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பது போன்ற சிக்கல் இருந்தால், போவதற்கு முன்பே உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இனி கட்டணம். சுவரில் பெரிதாக எழுதியிருப்பது லேன் வாடகை, மணிக்கு 25 டாலர் அளவில். அதே லேனைப் பகிரும் இரண்டாவது ஆளுக்கு 15 சேரும். துப்பாக்கி வாடகை 15. கண்ணாடியும் இயர்மஃபும் ஆளுக்கு 5. காகித டார்கெட் ஒன்று 2. ஐம்பது ரவுண்டு கொண்ட 9 எம்.எம். பெட்டி உள்ளே 22 டாலர். இரண்டு பேர், ஒரு துப்பாக்கி, இரண்டு பெட்டி, இரண்டு டார்கெட் என்றால் 113 வந்துவிடும், வரி தனி. இந்த விலைகள் கடைக்குக் கடை சில டாலர் ஏறி இறங்கும். கூட்டிப் பார்த்தால் விகிதம் மட்டும் மாறாது: பில்லில் பெரிய பங்கு தோட்டாவுக்குத்தான் போகும்.

வாடகைத் துப்பாக்கியில் ரேஞ்சே விற்கும் தோட்டாவைத்தான் போட வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா ரேஞ்சிலும் விதி. வெளியே 14, 15 டாலருக்குக் கிடைக்கும் பெட்டியை உள்ளே 22-க்கு வாங்கும்போது கொள்ளை என்று தோன்றும். லாபம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்த விதியில் நியாயம் அதிகம். யாரோ வீட்டில் வெடிமருந்து நிரப்பிய ரீலோடு தோட்டாவில் மருந்து இரட்டிப்பாகப் போயிருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். ஒரே துப்பாக்கியை ஒரு நாளில் இருபது பேர் பிடிக்கும் இடத்தில் அந்த வாய்ப்பை விட்டுவைக்க முடியாது. காசு மிச்சப்படுத்த வேண்டுமானால் காலிபரை, அதாவது தோட்டாவின் அளவை, மாற்றுங்கள். .22 எல்ஆர் நூறு ரவுண்டு 10, 12 டாலருக்கு முடிந்துவிடும். உதைப்பு ஏறக்குறைய இல்லை, சத்தமும் குறைவு. பிடியும் குறிமுள்ளும் விசையும் என்ன என்று கை கற்றுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. 9 எம்.எம். எடுத்துத் தொடங்குகிறவர்கள் பத்தாவது ரவுண்டுக்குள் சத்தத்துக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். குண்டுகள் எல்லாம் டார்கெட்டின் கீழ்ப்பாதியில் போய் விழும். அதைத் திருத்த மறுபடியும் .22-க்குத்தான் வர வேண்டும்.

சொந்தத் துப்பாக்கி, சொந்தத் தோட்டாவோடு போகிறவர்களைக் கவுன்டரில் எதிர்கொள்வது ஒரு காந்தம். ரேஞ்சின் பாதுகாப்பு அதிகாரி பெட்டியைத் திறந்து நாலைந்து தோட்டாக்களின் மூக்கைக் காந்தத்தில் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் பெட்டி வண்டிக்குத் திரும்ப வேண்டியதுதான். அதிகமாக வாக்குவாதம் நடப்பது இங்கேதான். காரணம், எஃகு என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது எஃகு ஷெல். மருந்து இருக்கும் உறை பித்தளைக்குப் பதில் எஃகில் செய்திருக்கும். அது சுட்டபின் உங்கள் காலடியில் விழுவது, எதிர்ச்சுவர்ப் பக்கமே போகாது. இதைத் தடுப்பதற்குப் பெரிய காரணம், தரையில் கூட்டி அள்ளும் காலி ஷெல்லைப் பழைய பித்தளையாக ரேஞ்ச் விற்கிறது, நடுவில் எஃகு கலந்தால் பிரிக்கும் வேலை. இரண்டாவது பைமெட்டல் குண்டு. உள்ளே ஈயம்தான். மேல் உறை மெல்லிய எஃகு, அதன்மேல் செம்புப் பூச்சு. கண்ணுக்கு அசல் செம்பு போலவே இருக்கும், காந்தம்தான் காட்டிக்கொடுக்கும். மலிவு விலை ரஷ்யத் தோட்டாக்களில் இது சாதாரணம். 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்கா நிறுத்திய பிறகு வரத்து குறைந்தாலும், பழைய இருப்பு பலர் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது. மூன்றாவதுதான் உண்மையான வம்பு: குண்டுக்கு உள்ளேயே எஃகு. 5.56 எம்.எம். ரைஃபிள் தோட்டாவில் பச்சை முனை போட்டு வரும் எம்855 என்ற வகை, குண்டு 62 கிரெய்ன் எடை (கிரெய்ன் என்பது குண்டை எடைபோடும் சிறு அலகு). செம்பு உறைக்குள் முன்பக்கம் எஃகு முனை, அதன் பின்னால் ஈயம்.

எஃகு உள்ள குண்டு ஏன் ஆகாது? கூடத்தின் மறுகோடியில் குண்டுகளை வாங்கிக்கொள்ளும் தடுப்பு சாய்த்து வைத்த கெட்டியான எஃகுத் தகடுகளால் ஆனது, அல்லது ரப்பர்த் துண்டுகளைக் குவித்துச் செய்தது. ஈயக் குண்டு தகட்டில் பட்டதும் சிதறி நசுங்கி, சரிவில் இறங்கிவிடும். எஃகு முனை அந்தத் தகட்டில் சிறு குழி போடும். அடுத்து வரும் சாதாரண ஈயக் குண்டு அந்தக் குழியில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது, சுட்டவர் பக்கமே துண்டு திரும்பி வரக்கூடும். கூடவே தீப்பொறி. எரியாத மருந்துத் தூள் தரையெல்லாம் படிந்திருக்கும் இடத்தில், ரப்பர்க் குவியலுக்குப் பக்கத்தில், பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். பறக்கும்போது ஒளிரும் ட்ரேசர், தீமூட்டும் இன்சென்டியரி தோட்டாக்களுக்கு எங்கேயும் இடமில்லாததும் இதனால்தான்.

சட்டப்படி வாங்கியதைச் சுட விடமாட்டேன் என்று எப்படிச் சொல்லலாம் என்று எம்855 வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். 2015 பிப்ரவரியில் அதைத் தடைசெய்யும் யோசனையைத் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் முன்வைத்து, மார்ச்சிலேயே கைவிட்டது உண்மைதான். கடையில் சட்டப்படி கிடைக்கும். ரேஞ்சின் கவலை தன் தகடு பற்றியது, அதில் சட்டத்துக்கு வேலை இல்லை. 55 கிரெய்ன் எடையில் ஈயம் நிரப்பிய முழுச் செம்பு உறைக் குண்டு வாங்குங்கள், பிரச்சினையே வராது. கிளம்பும் முன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக் குண்டின் மூக்கில் வைத்துப் பாருங்கள். ஷெல்லில் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டவில்லை என்று கொண்டுபோவது வழக்கமான பிழை. எம்855-இன் ஷெல் பித்தளை, மூக்கில் மட்டும்தான் பிடிக்கும்.

ஷாட்கன்னுக்குத் தனிக் கணக்கு. பல கூடங்களில் ஒற்றைக் குண்டான ஸ்லக்கும் சில பெரிய மணிகள் உள்ள பக்ஷாட்டும் சரி, பேர்ட்ஷாட் கூடாது. நூற்றுக்கணக்கான சிறு மணிகள் பரவி டார்கெட் தொங்கும் கம்பியையும் பக்கத்து லேனையும் பதம்பார்க்கும். பெரிய ரைஃபிளுக்கும் உச்சவரம்பு இருக்கும், தடுப்பு தாங்கும் வேகத்தைப் பொறுத்து. .308 வரை சரி என்று ஒரு கூடம் சொல்லும், கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும்தான் என்று இன்னொன்று சொல்லும். மிகப் பெரிய .50 பிஎம்ஜி எடுத்துக்கொண்டு இன்டோருக்குப் போகவே வேண்டாம். நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழி உள்ள) தோட்டாவை வீட்டுக்கு வெளியே வைத்திருக்க மாநிலச் சட்டமே கட்டுப்பாடு போடுகிறது. ரேஞ்சுக்கு நேராகப் போய் வரலாம், நடுவில் சுற்றக் கூடாது.

நடத்தை விதிகளில் பெரும்பாலான இடங்களில் ஒன்றாக இருப்பவை: துப்பாக்கி உறைக்குள், காலியாகத்தான் உள்ளே வர வேண்டும். லேனில் வைத்துத்தான் உறையைத் திறக்கலாம், அதுவும் குழல் எதிர்ச்சுவரைப் பார்க்க. சுடும் வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டோடு நீட்டி இருக்க வேண்டும். இடுப்பு உறையிலிருந்து உருவிச் சுடக் கூடாது. ஒரு ரவுண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நொடியாவது இடைவெளி. சீஸ்ஃபயர் என்று யார் கத்தினாலும் வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும்.

நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது அடிக்கடி மீறப்படும் விதி போட்டோவில் இருக்கிறது. “இங்க பாரு” என்று பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட, துப்பாக்கியோடு உடம்பு திரும்பிவிடும், குழல் பக்கத்து லேனைத் தாண்டி நண்பர்கள் மேல் வந்து நிற்கும். அந்த நொடியே வெளியே அனுப்பிவிடுவார்கள், பணம் திரும்ப வராது. அனுப்புவதுதான் சரி. போட்டோ வேண்டுமென்றால் பின்பக்கமிருந்து, சுடுகிறவர் முன்னால் பார்த்தபடியே எடுங்கள்.

உடையும் இதோடு சேர்ந்தது. வெளியே தெறிக்கும் ஷெல் கொதிக்கும். கழுத்து இறங்கிய குர்தாவுக்குள் விழுந்தால் தோல் சுடும், கை தானாக உதறும், குழல் எங்கோ திரும்பும். மூடிய கழுத்துச் சட்டை, முன்விளிம்பு உள்ள தொப்பி, மூடிய ஷூ. கட்டைவிரலை ஸ்லைடுக்கு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) பின்னால் குறுக்காக வைத்தால் அது பின்னால் வரும்போது தோலைக் கிழிக்கும். வலக்கைக்காரர் என்றால் இரண்டு கட்டைவிரலும் இடப்பக்கமாக முன்னோக்கி இருக்கட்டும். ரிவால்வரில் மட்டும் விரல் உருளைக்கு முன்னே போகக் கூடாது, அந்த இடுக்கிலிருந்து சூடான வாயு வரும்.

டார்கெட்டை முதலில் 5 முதல் 7 கஜத்தில் வையுங்கள். நடுப்புள்ளி உங்கள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக ஒட்டினால் குண்டு தடுப்புக்குப் போகாமல் தரையில் இடிக்கும். தொங்கும் கிளிப்பைச் சுட்டு உடைத்தால் சேதக் கட்டணம் தனியாக வரும். முதல் மேகசினில் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) ஒரே ஒரு தோட்டா போட்டுத் தொடங்குங்கள்.

கோளாறு இரண்டு வகை. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை முன்னோக்கியே 30 நொடி பிடித்திருங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். ஆபத்தானது இன்னொன்று: வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதில் ‘பொத்’ என்று ஒரு சின்ன ஒலி, உதைப்பே இல்லை. குண்டு குழலுக்குள் பாதியில் சிக்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டைச் சுட்டால் குழல் வெடிக்கும். அப்படியே வைத்துவிட்டு அதிகாரியைக் கூப்பிடுங்கள். இயர்மஃப் போட்டிருக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனிக்கத் தவறுவது எளிது, அதனால் உதைப்பையும் கவனியுங்கள்.

காதுக்கு வாடகை மஃப் மட்டும் போதாது. கைத்துப்பாக்கியின் உச்சச் சத்தம் 160 டெசிபலைத் தொடும், மூடிய கூடத்தில் எதிரொலி வேறு. அடியில் நுரை இயர்பிளக், மேலே மஃப் என்று இரண்டும் போடுங்கள்.

ஒரு ரேஞ்சின் தரத்தைச் சோபாவையும் காபி மெஷினையும் வைத்துப் பார்க்காதீர்கள், காற்றை வைத்துப் பாருங்கள். தோட்டாவின் ப்ரைமரிலும் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) குண்டிலும் இருக்கும் ஈயம் ஒவ்வொரு வெடிப்புக்கும் புகையாகக் கிளம்பும். சுடுகிறவரின் முதுகுப் பக்கமிருந்து தடுப்புப் பக்கமாக, நிமிடத்துக்கு 75 அடி வேகத்தில் காற்று சீராக நகர வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு நிமிடம் கவனித்தாலே தெரியும். குழல் முனையில் கிளம்பும் புகை முன்னோக்கி ஓடினால் பணம் கட்டுங்கள். சுடுகிறவர் முகத்துக்கு முன்னால் சுழன்று நின்றால் வேறு இடம் பாருங்கள், அங்கே கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. உலர்ந்த துடைப்பத்தால் ஷெல்லைக் கூட்டும் ஊழியரைக் கண்டாலும் அப்படியே, படிந்த ஈயத்தூள் மறுபடி காற்றில் ஏறும்.

கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் உள்ளே அழைத்துப் போகாதீர்கள், பார்வையாளராகக்கூட வேண்டாம். உள்ளே தண்ணீர் பாட்டிலைத் திறக்காதீர்கள். வெளியே வந்ததும் ஈயம் நீக்கும் சோப்பால் கையையும் முகத்தையும் கழுவிய பிறகுதான் சாப்பாடு. சாதாரண சோப்பில் ஈயம் முழுதாகப் போகாது, நல்ல ரேஞ்சுகள் கழிவறையிலேயே அந்தச் சோப்பை வைத்திருக்கும். வீட்டில் ஷூவை வாசலிலேயே விட்டு, சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். அந்தத் துணியை மற்றதோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.