அடம் புடிக்கிற டிரைவரை எடுக்க டிடியூவா, பிஎன்பியூட்டிலா?

மன்னார்குடில நம்ம கடை சிஸ்டத்துல பழைய பிரிண்டர் டிரைவரும் கிராபிக்ஸ் டிரைவரும் சேர்ந்து படுத்துனதுல இருக்கிற எல்லா வழியையும் செஞ்சு பாத்தாச்சு (டிரைவர்னா அந்தந்த சாதனத்தை விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்). நான் நிக்கிறது டிடியூ (DDU, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) பக்கம் இல்ல, விண்டோஸ் கூடவே வர்ற, கமாண்ட் அடிச்சு ஓட்டுற பிஎன்பியூட்டில் (pnputil) பக்கம்தான்.

டிரைவர் ஏன் போக மாட்டேங்குதுன்னா, கண்ட்ரோல் பேனல்ல அன்இன்ஸ்டால் பண்ணா மேல இருக்கிற சாஃப்ட்வேர் மட்டும்தான் பெரும்பாலும் போகும், டிரைவர் பேக்கேஜோட (அதோட பைல்கள் மொத்தமும் இருக்கிற கட்டு) காப்பி விண்டோஸோட சிஸ்டம்32 உள்ள டிரைவர்ஸ்டோர், அதுக்குள்ள ஃபைல்ரெபாசிட்டரிங்கிற போல்டர்ல அப்படியே கெடக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அங்கேர்ந்து எடுத்து மறுபடி போட்டுக்கும். கோரையை மேலாப்ல அறுத்துட்டு கிழங்கை வயல்லயே விட்ட மாதிரிதான். அதுக்காக அந்த போல்டரைக் கையால டெலிட் பண்ணிடாதீங்க, பைல் போயிடும் ஆனா விண்டோஸ் கணக்குல பேக்கேஜ் இருக்கிறதாவே இருக்கும், அப்புறம் புதுசு போடுறப்ப தலைவலி.

டிவைஸ் மேனேஜர் வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அன்இன்ஸ்டால் பண்றப்ப டிரைவரையும் நீக்கவான்னு வர்ற கட்டத்துல டிக் போடணும். ஆனா ஸ்டோர்ல அதே டிரைவரோட இன்னொரு பழைய வெர்ஷன் இருந்தா அடுத்து அது வந்து உக்காந்துக்கும். டிஸ்க் கிளீனப் பழைய வெர்ஷனைத் தூக்கும், இப்ப ஓடிக்கிட்டிருக்கிறதைத் தொடாது.

டிடியூ நல்ல டூல், இலவசம். சேஃப் மோட்ல (அவசியமானது மட்டும் ஓடுற விண்டோஸ் நிலை) போயி, நெட் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டுனா என்விடியா, ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரை, விண்டோஸ் செட்டிங்கெல்லாம் பதிஞ்சிருக்கிற ரிஜிஸ்ட்ரி வரைக்கும் தொடச்சுடும். கார்டு மாத்துறவங்களுக்கு இதான் சுலபம். ஏஎம்டி கார்டுல நான் அதிகம் செஞ்சதில்ல, என்விடியாலதான் பாத்தது, அதுல குறையே இல்ல. ஆனா பிரிண்டருக்கு இது ஆவாது, கடை வச்சிருக்கிறவங்களுக்கு பாதி தொல்லையே பிரிண்டர்தானே.

இப்ப பிஎன்பியூட்டில். கமாண்ட் பிராம்ப்டை அட்மினா தொறந்து பிஎன்பியூட்டில் ஸ்லாஷ் எனம்-டிரைவர்ஸ்னு (pnputil /enum-drivers) அடிச்சா வெளியேர்ந்து வந்த டிரைவர் அத்தனையும் ஓஇஎம்12 டாட் ஐஎன்எஃப் மாதிரி பேரோட, கம்பெனி, தேதி, வெர்ஷன் சகிதம் வரிசையா வரும். எது வேணாமோ அந்த நம்பரைக் குடுத்து டெலிட்-டிரைவர் (/delete-driver), கூட அன்இன்ஸ்டால் (/uninstall). அப்பவும் அசையலன்னா ஃபோர்ஸ் (/force).

நான் இதுக்கு சாய முக்கிய காரணம் வேற, எக்ஸ்போர்ட்-டிரைவர் (/export-driver). ஸ்டார் போட்டு ஒரு போல்டர் பேரைக் குடுத்தா வெளியேர்ந்து வந்த டிரைவர் எல்லாத்தையும் காப்பி எடுத்துக் குடுத்துடும், அதை ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சிட்டு அழிக்க ஆரம்பிக்கலாம். சம்பா பயிர் காப்பீட்டு நேரம், ஆளுங்க சிட்டாவும் அடங்கலும் எடுக்க வரிசையில நிக்கிறாங்க, வெளில மழை, நெட்டு வருது போவுது, அந்த நேரத்துல தப்பான டிரைவர் போயி பிரிண்டர் படுத்துட்டா பழைய பிரிண்டருக்கு சிடியும் இருக்காது, கம்பெனி சைட்லயும் பல மாடலுக்குத் தேடுனா கெடைக்காது. காப்பி கையில இருந்தா ஆட்-டிரைவர், சப்டிர்ஸ், இன்ஸ்டால்னு (/add-driver, /subdirs, /install) ஒரே வரி, நெட்டே வேணாம். டிடியூவுல ரீஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்புற அடையாளம்) வைக்கலாம்தான், ஆனா அது மொத்த சிஸ்டத்தையும் பின்னாடி இழுக்கும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு டிரைவர்.

குறை இல்லாம இல்ல. ஃபோர்ஸ் போட்டா தயங்காம அழிச்சிடும், அதனால பூட் ஆகத் தேவையான ஸ்டோரேஜ் டிரைவர் பக்கம் போகவே கூடாது. பிரிண்டர்னா டிரைவர் யூஸ்ல இருக்குன்னு மறுக்கும், அப்ப பிரிண்ட் வேலையை வரிசைப்படுத்துற ஸ்பூலர் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணிட்டு உடனே ரன்ல பிரிண்ட்யூஐ ஸ்லாஷ் எஸ் ஸ்லாஷ் டி2 (printui /s /t2) அடிச்சு, வர்ற லிஸ்ட்ல டிரைவரையும் பேக்கேஜையும் சேர்த்து ரிமூவ் பண்ணணும்.

எந்த வழில போனாலும் புது டிரைவர் ஏறி முடியுற வரைக்கும் நெட் கேபிளை மாட்டாதீங்க, விண்டோஸ் அப்டேட் முந்திக்கிட்டு அது இஷ்டத்துக்கு ஒன்ன எறக்கிடும்.