ஹட்டன் டவுனில் ஒரு ஞானஸ்நான ஆயத்த வகுப்பு: சேரலாமா?

குறையும் சொல்லப்போகிறேன், அதனால் சபையின் பெயரைப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு, கட்டணம் கிடையாது, இடையில் பிளேன்டீயும் பிஸ்கட்டும் உண்டு. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தே தீருவேன் என்று அக்கா மகள் நின்றதால் துணைக்குப் போன நான், முதல் வகுப்பிலேயே ஆள் நல்லா விஷயம் சொல்கிறாரே என்று உட்கார்ந்தவன் கடைசி வரை எழும்பவில்லை.

அந்த ஆள் ஒரு வயதான உபதேசியார். விசுவாசம், கிரியை (நாம் செய்கிற செயல்கள்) இரண்டும் அவர் பங்கு. இரட்சிப்பு கிருபையால் விசுவாசத்தின் வழியாக வருகிறது, கிரியையால் அல்ல என்கிற எபேசியர் 2:8, 9 வசனங்களைப் போர்டில் எழுதிவிட்டு நேரே ரோமர் 4:4க்குப் போனார்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." வகுப்பில் பாதிப் பேர் டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கிறவர்கள். கிலோ குறைந்தால் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பேரைப் பதிகிற புத்தகத்தில், அரைப் பேர் போட்டு அரை நாள் கூலிதான் கொடுப்பார்கள் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"மாசம் முடிஞ்சு துரை குடுக்கிற சம்பளம் தர்மமா, கடனா?" என்று கேட்டார்.

"கடன்தாங்க ஐயா, அதையும் புடிச்சுக்கிட்டுத்தான் குடுக்கிறாங்க" என்றார் பின் வாங்கிலிருந்து ஒரு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்போ மோட்சத்துக்குச் செக்ரோல் இல்லைன்னு எழுதிக்குங்க. அங்க அரைப் பேரும் இல்லை, முழுப் பேரும் இல்லை."

சரி, அப்படியென்றால் சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு பையன் கேட்கவேண்டியதைக் கேட்டான். அதற்குத்தான் யாக்கோபு 2. உடுப்பும் சாப்பாடும் இல்லாமல் நிற்கிறவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்கிற வசனத்தை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க இந்த ஊரில் உட்கார்ந்து வாசித்தால் வியாக்கியானமே தேவைப்படாது. ஆபிரகாமை, ரோமர் நிருபத்தை எழுதிய பவுலும் காட்டுகிறார், யாக்கோபும் காட்டுகிறார், இருவரும் மோதுகிறார்களா என்பதை அவர் அவசரப்படாமல் பிரித்துச் சொன்னார். பவுல் பிடித்துக்கொள்வது ஆதியாகமம் 15ஐ, ஆபிரகாம் விசுவாசித்தது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற வசனத்தை, அவன் விருத்தசேதனம் பண்ணுவதற்கு முன்னால் நடந்ததை. யாக்கோபு அதே வசனத்தைச் சொன்னாலும் கூடவே 22ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்ததை. நியாயப்பிரமாணத்தைச் செய்துதான் உள்ளே வரவேண்டும் என்றவர்களோடு ஒருவருக்கு வழக்கு, வாயால் விசுவாசம் என்று சொன்னாலே போதும் என்றவர்களோடு மற்றவருக்கு வழக்கு. விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்ற சீர்திருத்தக்காரர் லூத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதியதையும் மறைக்காமல் சொன்னார். எத்தனையோ வருடம் கோயிலுக்குப் போயும் இதை இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

ஞானஸ்நானம் பாஸ்டரின் பங்கு. பிரச்சினை அங்கேதான்.

"கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்கிறவர்கள்" என்று ஒரே வரியில் ஆரம்பித்தார். வகுப்பில் இருந்தவர்களில் பாதி வீட்டில் ஒரு கத்தோலிக்க மாமியாவது இருப்பார், கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்கலாம். மனுஷனை நீதிமானாக்கும் கிருபையை அதற்கு முன் வருகிற எதுவும், விசுவாசமோ கிரியையோ, சம்பாதித்துத் தருவதில்லை என்று 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கமே சொல்லியிருக்கிறது. லூத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்புர்க்கில் இதே விஷயத்தில் கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள், 2006இல் மெதடிஸ்தரும் சேர்ந்துகொண்டார்கள். வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வரி மட்டும் தப்பு.

குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்பது அவர் கொள்கை. 1525இல் சூரிக்கில் சிலர் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்துப் பெரியவர்களுக்குத் திரும்ப ஞானஸ்நானம் கொடுத்ததில் தொடங்கிய பழைய வழக்கு அது, அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் முழுக்கு எடுக்காதவருக்கு இராப்போஜனம் இல்லை, இரட்சிப்பின் நிச்சயமும் சந்தேகம்தான் என்றபோது, போன வாரம் உபதேசியார் கிழித்துப்போட்ட செக்ரோலை இவர் ஒட்டவைத்து எடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. ஒரு வேலையை முடித்துக் காட்டினால்தான் பேர் விழும் என்றால், தண்ணீரில் இறங்குவதும் கிரியைதானே?

அதே பின் வாங்கு அக்கா கேட்டார்: "எங்கம்மா விசுவாசிச்சாங்க பாஸ்டர், ஞானஸ்நானத்துக்கு நாள் குறிச்சிருந்தோம், அதுக்குள்ள ஆஸ்பத்திரியில போயிட்டாங்க. அவங்க?"

"அது கர்த்தருக்குத் தெரியும்மா. அடுத்த கேள்வி."

இதற்குத்தான் நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். பதில் கையிலேயே இருந்தது. மாற்கு 16:16இன் முதல் பாதியை, விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்பதைத்தான் போர்டில் எழுதியிருந்தார், ஆக்கினை யாருக்கு என்று சொல்லும் இரண்டாம் பாதியில் "விசுவாசியாதவனோ" என்றுதான் இருக்கிறது, ஞானஸ்நானம் எடுக்காதவன் என்று இல்லை. இயேசுவோடு பரதீசுக்கு வருவாய் என்று வாக்குப் பெற்ற, சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தத் தொட்டியில் இறங்கினான்? பேதுரு போய்ப் பிரசங்கித்த ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு வீட்டில் ஆவியானவர் முதலில் வந்தார், தண்ணீர் பிறகுதான் வந்தது. ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தபடியே இறந்துபோன பேரரசன் இரண்டாம் வாலன்டீனியனின் அடக்க ஆராதனையில், 392இல், அவன் விரும்பிக் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் மிலான் பேராயர் அம்புரோசு பேசினார்.

அதற்காகத் தண்ணீர் சும்மா ஒரு சடங்கு என்பவர்களோடும் நான் இல்லை. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை, அந்த இராத்திரியிலேயே குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றான். கொர்நேலியு வீட்டிலும் ஆவி வந்தாயிற்றே, தண்ணீர் எதற்கு என்று பேதுரு விட்டுவிடவில்லை.

மற்ற விஷயங்கள்: குறிப்புகள் போட்டோகொப்பி, எழுத்து பொடி, கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டுபோங்கள். தொட்டி கட்டிடத்துக்குப் பின்னால், கூரை இல்லை, தண்ணீர் ஐஸ்தான். பெண்களுக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் தாழ்ப்பாள் இல்லை, ஆளுக்கு ஆள் வெளியே காவல் நின்றார்கள். இதையாவது உடனே சரிசெய்யலாம்.

உபதேசியாருக்கு ஐந்துக்கு ஐந்து, பாஸ்டரின் வகுப்புக்கு இரண்டு. குழந்தையில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் சேருவதென்றால், அந்தப் பழைய சான்றிதழைக் கையோடு கொண்டுபோய், அதை ஏற்றுக்கொள்வார்களா என்று முதல் நாளே பாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் சொன்னார்கள்.